‘லௌ’ என்னும் சொல்லும் ஒரு சீனக் கற்பனை வரலாறும்

அரபி நஹ்வு நூல்களில் ‘லௌ’ என்னும் இடைச்சொல்லுக்குத் தரப்பட்டுள்ள இலக்கணம் மிக நுட்பமானது. ‘இன்’ என்பதும் நிபந்தனைச் சொல்லே. ‘லௌ’ என்பதும் நிபந்தனைச் சொல்லே. எனினும் ‘இன்’ வரக்கூடியதைச் சுட்டும். ‘லௌ’ வராமற் போனதைச் சுட்டும். ‘ஸைது வந்தால் அவனைக் கண்ணியப்படுத்துவேன்’ என்பது முன்னதற்கு எடுத்துக்காட்டு. ‘ஸைது வந்திருந்தால் அவனைக் கண்ணியப்படுத்தியிருப்பேன்’ என்பது பின்னதற்கு எடுத்துக்காட்டு. அவன் வரவில்லை, ஆதலால் கண்ணியமும் நிகழவில்லை. ஒன்று தடைப்பட்டதால் மற்றொன்றும் தடைப்பட்டதை உணர்த்தும் சொல் என்று இலக்கண ஆசிரியர்கள் இதற்கு வரையறை கூறினர். ஆகவே இச்சொல்லை ஆள்பவன் ஒரு கடமையையும் ஏற்றுக்கொள்கிறான். நிபந்தனையை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் விளைவையும் அவன் மாற்றிக் காட்டியாக வேண்டும்.

நிகழ்ந்துவிட்ட வரலாற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, அதன்பின் உலகம் எவ்வாறு சென்றிருக்கும் என்று கற்பித்து எழுதும் நாவல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளன. அவை யாவும் ‘லௌ’வின் பிள்ளைகள். அத்துறையில் சீனப் பேரரசுகள் அண்மைக்காலத்தில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. கனடா நாட்டு எழுத்தாளர் கை கேவ்ரியல் கே, தாங் அரசமரபின் காலத்தைக் ‘கிதாய்’ என்று பெயர் மாற்றி 2010இல் ஒரு நாவல் எழுதினார். மிங் அரசமரபை நிறுவிய சூ யுவான்சாங் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் என்னும் கற்பனையை வைத்து ஷெல்லி பார்க்கர்-சான் 2021இல் ஒரு நாவல் வெளியிட்டார். ஆயினும் நம் வாசகர்கள் சிந்தித்துப் பார்க்கத் தக்கது இவற்றுக்கு முன்னரே, 2002இல், அமெரிக்க எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ராபின்சன் வெளியிட்ட ‘தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் ஸால்ட்’ என்னும் பெருநாவலே. ‘அரிசியும் உப்புமான ஆண்டுகள்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சீனமும் இஸ்லாமிய உலகமும் சேர்ந்து அக்கதையைத் தாங்குகின்றன என்பதே அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

கதையின் கட்டமைப்பு

14ஆம் நூற்றாண்டின் நடுவே தோன்றிய பெருங்கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை மாய்த்தது என்பது வரலாறு. அந்நோய் ஏறத்தாழ எல்லோரையுமே மாய்த்திருந்தால்? இதுவே ராபின்சனின் ‘லௌ’. தைமூரின் படைவீரன் போல்டு, ஹங்கேரியச் சமவெளியில் ஆளரவமற்ற ஊர்களைக் காண்பதிலிருந்து கதை தொடங்குகிறது. அங்கிருந்து பத்துப் பகுதிகளில் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் நம் கண்முன் கடந்து செல்கின்றன. மிங் பேரரசர் யோங்லேயின் அரண்மனை, அக்பரின் அவை, வெறுமையாய்க் கிடக்கும் ஐரோப்பாவில் குடியேறும் முஸ்லிம்கள், பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்காவை எதிர்பாராமல் கண்டடையும் சீனக் கடற்படை, ஸமர்கந்தில் பிறக்கும் விஞ்ஞானம், சிங் அரசமரபின் காலத்து ஒரு கைம்பெண், பிறகு 67 ஆண்டுகள் நீளும் உலகப்போர் என்று கதை விரிகிறது.

நாவலின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. சீனப் பெண்ணின் வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் கூறும் இடத்தில், பிள்ளைகளைப் பெற்றபின் குடும்பச் சுமையைத் தாங்கி உழைக்கும் நடுப்பருவமே ‘அரிசியும் உப்புமான ஆண்டுகள்’ எனப்படுகிறது. அரசர்களின் கதையை எழுத வந்தவர் அடுப்படியிலிருந்து தம் நூலுக்குப் பெயர் எடுத்திருப்பது போற்றத்தக்கது.

விளைவு மாறியதா?

இப்போது இலக்கண ஆசிரியர்களின் உரைகல்லில் நாவலை உரைத்துப் பார்ப்போம். ஐரோப்பா இல்லை என்று ஆசிரியர் நிபந்தனையை மாற்றிவிட்டார். விளைவுகள் மாறினவா?

அக்பர் பிறந்தது 1542இல். கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். உலகின் ஒரு பகுதி முழுவதுமே மறைந்து, வணிகப் பாதைகளும் படையெடுப்புகளும் திருமணங்களும் மாறிப்போன பின்னரும் அதே பாபர், அதே ஹுமாயூன், அதே அக்பர் பிறந்துவிடுகின்றனர். சீனத்திலும் அவ்வாறே. யோங்லேக்குப் பின் வான்லி வருகிறார். மிங்குக்குப் பின் மஞ்சு இனத்தாரின் சிங் அரசமரபு வருகிறது. நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த வரிசை சிறிதும் குலையவில்லை.

உண்மை வரலாற்றில் இவ்வரிசை ஐரோப்பாவைச் சாராமல் நடந்ததன்று. 1571இல் ஸ்பானியர் மணிலாவை நிறுவிய பின்னர், அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி அந்தத் துறைமுகம் வழியாகச் சீனத்துக்குப் பாய்ந்தது. 1581இல் வான்லியின் அமைச்சர் சாங் சூசெங் பல வரிகளையும் ஊழியக் கடமைகளையும் ஒன்றாக்கி வெள்ளியில் செலுத்தச் செய்த சீர்திருத்தம் நாடெங்கும் பரவியது. ஜப்பானிய வெள்ளியோடு இந்த வெள்ளியும் அதற்குத் துணைநின்றது. 1644இல் மிங் வீழ்ந்ததற்குப் பஞ்சம், கடுங்குளிர், உள்நாட்டுக் கிளர்ச்சி, எல்லைப்போர் ஆகியவற்றோடு வெள்ளி வரத்தின் தடுமாற்றத்தையும் ஒரு காரணமாகச் சில ஆய்வாளர்கள் கூறுவர். வேறு சிலர் அதை ஏற்பதில்லை. எப்படியாயினும், இந்தக் காரணங்களுள் சில இல்லாத உலகில் அதே அரசமரபு வீழ்ந்து அதே அரசமரபு எழுவது எவ்வாறு? சீனர்களே அமெரிக்காவைக் கண்டடைவதாகக் காட்டி இதற்கு ஆசிரியர் ஒரு சிறு பரிகாரம் தேடியிருக்கிறார் எனலாம். ஆயினும் வேரை வெட்டியபின் கிளைகள் முன்போலவே தழைத்து நிற்கும் விந்தைக்கு அது போதிய விடையாகாது.

கொள்ளைநோயின் போக்கிலும் இதே குறை உண்டு. அந்நோய் கிறிஸ்தவ நாடுகளை அழித்துவிட்டு இஸ்லாமிய நாடுகளில் உயிர்களை மிச்சம் வைத்ததாக நாவல் கொள்கிறது. அக்காலத்து அரபி நூலோரின் சாட்சியம் வேறு. ஹலப் நகரத்து இப்னுல் வர்தீ அந்நோயைப் பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். ஹிஜ்ரி 749இல் அந்நோய்க்கே இரையானார். இப்னு கல்தூன் தூனிஸ் நகரில் பதின்ம வயதிலேயே தம் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தார். திமிஷ்கிலும் காஹிராவிலும் ஜனாஸாக்கள் எண்ணிறந்தன. நோய் எவருடைய மார்க்கத்தையும் விசாரித்துக்கொண்டு வரவில்லை. மத்தியதரைக் கடலின் வடகரையில் ஒருவரும் எஞ்சாமல், தென்கரையில் நகரங்கள் பிழைத்திருந்ததற்கு நாவலில் மனநிறைவு தரும் காரணம் இல்லை. பிற்பகுதியில் வரும் அறிஞர்கள் இதுபற்றி ஆராய்ந்து வாதிடுவதாக எழுதியிருப்பதால், இந்த இடைவெளி ஆசிரியருக்கும் தெரிந்தே இருந்தது என்று கருதலாம்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு விதி வகுத்தார். ஒரு செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்ப்பதோடு நில்லாமல், மனித சமூகத்தின் இயல்புக்கு அது பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதே அது. கற்பனை வரலாற்றுக்கு இவ்விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். நடந்த செய்தியைத் தாங்கிப்பிடிக்க ஆவணம் உண்டு. நடவாத செய்திக்குச் சமூக இயல்பைத் தவிர வேறு சாட்சி ஏது?

கடற்படைத் தலைவரும் அடிமைச் சிறுவனும்

குறைகளைச் சொன்ன பின்னர் நிறைகளைச் சொல்வதே நீதி. அந்நிறைகள் யாவும் உண்மையை ஒட்டி நடக்கும் இடங்களிலேயே காணப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதற்பகுதியில் போல்டு அடிமையாக விற்கப்பட்டு, மிங் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பலில் ஏற்றப்படுகிறான். உடன் வரும் கியூ என்னும் ஆப்பிரிக்கச் சிறுவன் அங்கே காயடிக்கப்படுகிறான். அச்சிறுவனின் வேதனையும், அதிலிருந்து பிறக்கும் அடங்காச் சினமும், அரண்மனைக்குள் புகுந்து அவன் நிகழ்த்தும் பழிவாங்கலும் மறக்க முடியாதவை. இதைப் படிக்கும்போது உண்மையான செங் ஹேயின் இளமையை நினையாதிருக்க இயலாது. அவர் 1371இல் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் என்றே அழைக்கப்பட்டனர். மிங் படை அம்மாகாணத்தைக் கைப்பற்றியபோது, ஏறத்தாழப் பத்து வயதில் பிடிபட்டுக் காயடிக்கப்பட்டவர் அவர். அச்சிறுவனே பின்னாளில் 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் பயணங்களை நடத்தினார். நாவலில் செங் ஹே எட்டாத உயரத்தில் நிற்கும் பெருந்தலைவர். அவருடைய இளமைத் துயரமோ கியூவின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

செங் ஹேயின் பயணங்கள் தமிழுக்கும் புறம்பானவை அல்ல. அவர் 1409ஆம் ஆண்டு என்று நாள் குறித்துக் கொண்டுவந்து இலங்கையில் நாட்டிய கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதில் சீனமொழி புத்தரைப் போற்றுகிறது; தமிழ் தேனவரை நாயனாரைப் போற்றுகிறது; பாரசீகம் இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. ஒரே கல்லில், ஒரே பேரரசின் காணிக்கையாக, மூன்று மொழிகள் மூன்று சமயத்தாரோடு பேசுகின்றன. இப்படி ஒரு காட்சியைக் கற்பனை நாவலில் எவரேனும் எழுதினால், மிகைபடக் கூறுகிறார் என்றே நாம் சொல்லியிருப்போம்!

இன்னொன்றும் கருதத்தக்கது. 1433க்குப் பின் அப்பெரும் பயணங்கள் நின்றுபோனதற்கு ஐரோப்பியர் காரணமல்லர். செலவின் பளு, அலிகளின் செல்வாக்கை வெறுத்த கன்பூசிய அதிகாரிகளின் எதிர்ப்பு, வட எல்லையில் மங்கோலியரின் அச்சுறுத்தல் ஆகிய உள்நாட்டுக் காரணங்களே அவற்றை நிறுத்தின. ஐரோப்பாவை நீக்கிவிட்டால் சீனத்தின் கடலாட்சி தொடர்ந்திருக்கும் என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம். அந்த அரண்மனைப் பகையை ராபின்சன் விரிவாகவே காட்டுகிறார். அவ்விடத்தில் அவர் கற்பனையாளரை விட வரலாற்று மாணவராகவே விளங்குகிறார்.

கைம்பெண் காங்

நாவலின் மணிமகுடம் ஆறாம் பகுதியே. சிங் அரசமரபின் காலத்துக் கல்வி கற்ற கைம்பெண் காங், வீடற்ற ஒரு துறவிக்கும் அவன் மகனுக்கும் இடம் கொடுக்கிறாள். ஆன்மாவைத் திருடும் சூனியக்காரன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட அத்துறவி, அதிகாரிகளின் கையில் உயிரிழக்கிறான். பின்னர் இபுராஹீம் என்னும் முஸ்லிம் அறிஞரை அவள் சந்திக்கிறாள், மணக்கிறாள், அவரோடு மேற்கே லான்சௌ நகருக்குச் செல்கிறாள். சீன மரபையும் இஸ்லாமிய மரபையும் ஒன்றுக்கொன்று விளக்கமாக்கும் பணியில் இருவரும் ஆழ்ந்திருக்க, அவர்களைச் சுற்றி முஸ்லிம்களின் கிளர்ச்சியும் அடக்குமுறையும் மூள்கின்றன.

இதில் கற்பனை எவ்வளவு? மிகக் குறைவே. ஆன்மாத் திருட்டு பற்றிய பீதி 1768இல், சியென்லோங் பேரரசரின் காலத்தில், உண்மையாகவே சீனத்தைப் பீடித்தது. ஆண்களின் பின்னலை அறுத்து அதன்மூலம் ஆன்மாவைக் கவர்கிறார்கள் என்ற வதந்தியால் நாடோடிகளும் பிச்சைத் துறவிகளும் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர். இபுராஹீமின் அறிவுப்பணிக்கும் உண்மையான முன்னோர்கள் உண்டு. வாங் தாய்யூ 1642இல் இஸ்லாமியக் கொள்கையைச் சீன மொழியில் விளக்கி நூல் வெளியிட்டார். அவருக்குப் பின் மா சூ வந்தார். நான்ஜிங் நகரத்து லியூ ஜி, 1704இல் மெய்ஞ்ஞானத்தைப் பற்றியும் 1710இல் வணக்க வழிபாடுகளைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். ஜாமீயின் பாரசீக நூலொன்றைச் சீனத்தில் தந்தார். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றையும் எழுதினார். கன்பூசியக் கல்வி பெற்றோர் படித்து மதிக்கத்தக்க நடையில் தவ்ஹீதை எழுதியவர்கள் இவர்கள்.

கிளர்ச்சிக்கும் உண்மை மூலம் உண்டு. மா மிங்சின் என்னும் ஷெய்கு யமன் நாட்டில் கற்றுத் திரும்பி, நக்‌ஷபந்தி வழியில் திக்ரை உரத்துச் சொல்லும் முறையைக் கான்சு மாகாணத்தில் பரப்பினார். ஜஹ்ராகச் சொல்வதால் அவ்வழியினர் ஜஹ்ரிய்யா எனப்பட்டனர். மெதுவாகச் சொல்வோர் குஃபிய்யா எனப்பட்டனர். இவ்விரு சாராரின் பூசல் வழக்காகி, வழக்கு கலகமாகி, அரசாங்கம் தலையிட்டு, 1781இல் மா மிங்சின் லான்சௌ நகரில் கொல்லப்பட்டார். திக்ரு உரத்தா மெதுவாகவா என்ற பிணக்கில் ஒரு சமூகம் பேரரசின் வாளுக்குத் தன் கழுத்தைத் தானே காட்டிக் கொடுத்தது! இந்த வரலாற்றைப் படித்து நாம் நம் ஊர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆக, நாவலில் மிகச் சிறந்த பகுதி ‘லௌ’ மிகக் குறைவாக வேலை செய்யும் பகுதியே. ஐரோப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் காங்கின் வாழ்வு ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். மனிதரை மனிதராக அறிந்து எழுதிய இடத்தில் ‘இருந்திருந்தால்’ என்னும் ஊன்றுகோல் ஆசிரியருக்குத் தேவைப்படவில்லை.

மாறுபடும் இரண்டு இடங்கள்

நம் கொள்கைக்கு ஒவ்வாத இரண்டு செய்திகளையும் சொல்லாமல் விடலாகாது. ஒன்று மறுபிறவி. பி, கே, ஐ என்னும் எழுத்துகளில் தொடங்கும் பெயர்களோடு அதே ஆன்மாக்கள் ஒவ்வொரு பகுதியிலும் மீண்டும் பிறக்கின்றன. முதலாமவர் சாந்தர், இரண்டாமவர் சினங்கொண்டு அநீதியை எதிர்ப்பவர், மூன்றாமவர் அறிவைத் தேடுபவர். தனாஸுக் என்னும் இக்கொள்கை நம் அகீதாவுக்கு உடன்பாடானதன்று. கதை உத்தி என்ற அளவில் பார்த்தாலும் இதில் ஓர் இழப்பு உண்டு. இறந்தவர் அடுத்த பகுதியில் வந்துவிடுவார் என்று அறிந்தபின், மரணம் தன் கனத்தை இழந்துவிடுகிறது. கியூவின் முடிவு தரவேண்டிய துயரத்தை அடுத்த பிறவி பாதியாகக் குறைத்துவிடுகிறது.

மற்றொன்று, ஐரோப்பாவில் குடியேறும் சுல்தானா கதீமாவின் கதை. பெண்களுக்கு உரிமை வேண்டின் ஹதீஸ் மரபை ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இழையோடுகிறது. ஹதீஸ் கலையின் வரலாற்றை ஆசிரியர் இன்னும் சற்று ஆழமாகக் கற்றிருக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அல்மர்வஸிய்யா அம்மையாரிடம் கதீபுல் பக்தாதீ போன்ற பேரறிஞரே பாடம் கேட்டார். சீனத்திலேயே ஹெனான் போன்ற மாகாணங்களில், பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல்களும் அவற்றில் கற்பிக்கும் பெண் ஆஹுங்குகளும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. மரபுக்குள் இருந்தவற்றை அறியாததனால், மரபுக்கு வெளியே சென்று தேட வேண்டியதாயிற்று.

ஆறுதலும் எச்சரிக்கையும்

இந்நாவல் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரியது. ‘மேல்நாட்டார் வராதிருந்தால் நாம் எங்கோ உயர்ந்திருப்போம்’ என்னும் பேச்சை மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அப்பேச்சுக்கு ஆதாரம் தேடி இந்நாவலைத் திறப்பவர் ஏமாந்து போவார். ராபின்சன் ஐரோப்பாவை முற்றாக நீக்கிவிட்டார். அதன்பின் நடந்தது என்ன? சீனம் ஜப்பானை விழுங்கியது. அமெரிக்கப் பழங்குடியினர் சீன மாலுமிகள் கொண்டுவந்த அம்மைநோயால் மாண்டனர். ஸமர்கந்தின் அறிஞர்களைக் கொண்டு கான் போர்க்கருவிகள் செய்வித்தான். முஸ்லிம் நாடுகள் நீண்ட போரில் தோற்று, தோல்வியின் கசப்பில் தம்முள் ஒடுங்கின. வில்லன் மேடையை விட்டு நீங்கிய பின்னரும் நாடகம் மாறவில்லை. பேராசையும் அதிகார வெறியும் ஒரு கண்டத்தாரின் தனிச்சொத்து அல்ல என்பதே நாவலின் உட்பொருள்.

ஆயினும் ஆசிரியர் நம்பிக்கையை முற்றும் கைவிடவில்லை. அணுவைப் பிளக்கும் வழியை அறிந்த விஞ்ஞானிகள் இஸ்ஃபஹான் நகரில் கூடி, அந்த ஆயுதத்தை எந்த அரசுக்கும் செய்து கொடுப்பதில்லை என்று உடன்படுகின்றனர். நம் உலகில் 1945இல் நடந்ததை அறிந்தவர்க்கு இந்த இடம் நெஞ்சைத் தைக்கும். இங்கேதான் ‘லௌ’ தன் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தி நிற்கிறது. அவர்கள் மறுத்தனர், ஆதலால் நகரங்கள் எரியவில்லை. நம் உலகில் மறுப்பு நிகழவில்லை. ஆதலால் தப்புதலும் நிகழவில்லை.

‘இப்படிச் செய்திருந்தால்’ என்று கழிந்ததை எண்ணி மறுகுவது ஷைத்தானின் வேலைக்குக் கதவு திறக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உலமாக்கள் அந்த எச்சரிக்கையை விளக்கும்போது, விதியை நொந்து புலம்பும் ‘லௌ’வைத் தடுத்தார்கள், படிப்பினைக்கும் வாதத்துக்கும் ஆளப்படும் ‘லௌ’வைத் தடுக்கவில்லை. திருக்குர்ஆனே வாதத்துக்காக இச்சொல்லைப் பல இடங்களில் ஆள்கிறது. ராபின்சனின் நாவல் குறைகள் பல இருப்பினும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைப் புலம்பலுக்குத் துணையாகப் படிப்பவர் அதன் பொருளை இழப்பார்.

நிறைவாக ஒன்று. லியூ ஜியும் வாங் தாய்யூவும் மா மிங்சினும் நம்மில் பெரும்பாலோர் கேட்டிராத பெயர்கள். ஓர் அமெரிக்கர் தம் கற்பனை நாவலுக்காக அவர்களின் உலகைத் தேடிச் சென்று கற்றார். செங் ஹேயின் கல்லில் தமிழும் இருக்கிறது. அக்கடற்படையோடு சென்று தாம் கண்ட நாடுகளைப் பதிவு செய்த மா ஹுவானும் ஒரு முஸ்லிமே. சீன முஸ்லிம்களின் ஆயிரமாண்டு வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுத எந்தக் கொள்ளைநோயையும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கண்டத்தையும் அழிக்க வேண்டியதில்லை. அரபியும் தமிழும் கற்ற நம் இளம் ஆலிம்கள் சீனமும் கற்க முன்வந்தால் போதும். இந்த வாக்கியத்தை அரபியில் எழுதுவதாயின் ‘லௌ’வை விலக்கி ‘இன்’ என்றே எழுத வேண்டும். ஏனெனில் இது வராமற் போனதன்று, வரக்கூடியது.